படத்துக்குள் ஒளிந்திருக்கும் லயத்து விலாசம்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு விலாசம் என்பது பெரும்பாலும் வாய்ப்பேச்சில்தான் இருக்கிறது. "மேற்கணக்கு, நாலாவது லயம், கோயிலுக்குப் பின்னால" என்றால் தோட்டத்துக்குள் எல்லாருக்கும் புரியும். வெளியிலிருந்து வரும் கடிதத்தில் தோட்டத்தின் பெயரும் அதன் பிரிவான டிவிஷனின் பெயரும் இருக்கும். அது ஆபிசுக்கு வந்து, அங்கே கிடந்து, யாராவது அந்தப் பக்கம் போனவர் கொண்டுவந்து கொடுத்தால் கிடைக்கும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்த பிறகு கைக்கு வந்த கதை நம் பக்கம் கேட்காதவர் குறைவு. வீட்டுக்கு ஓர் இலக்கம் வேண்டும், தபால் வாசலுக்கு வர வேண்டும் என்று கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறை வயதாகிவிட்டது.

அதே லயத்து இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், நின்று ஒரு பிள்ளை செல்ஃபி எடுக்கிறாள். கெமராவில் இருப்பிடம் பதியும் வசதி திறந்திருந்தால், அந்தக் கோப்புக்குள் அகலாங்கு 6 பாகை (டிகிரி), இத்தனை கலை (மினிட்), இத்தனை விகலை (செக்கன்), நெட்டாங்கு 80 பாகை, இத்தனை கலை, இத்தனை விகலை என்று எழுதப்பட்டுவிடும். கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்பதும் சேரும். அரசாங்கமும் தோட்டக் கம்பனியும் கொடுக்காத இலக்கத்தைக் கையிலிருக்கும் போன் கொடுத்துவிடுகிறது. அந்த இலக்கம் யார் கையில் இருக்கலாம் என்று அந்தப் பிள்ளையிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை.

தலவாக்கலைப் பக்கம் ஒரு பாடசாலையில் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் இந்த விஷயத்தைச் சொன்னபோது ஒரு தாய் கேட்ட கேள்வி நியாயமானது: "மிஸ், நாங்க என்ன பெரிய ஆளுங்களா? எங்க லயத்தத் தேடி யாரு வரப் போறா?"

அவர் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், படத்துக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

போனில் எடுக்கும் ஜேபெக் கோப்பில், படத்தின் நிறங்களுக்கு முன்பாக, தலைப்பகுதியில் ஒரு சிறிய அட்டவணை இருக்கிறது. எக்ஸிஃப் என்று பெயர். 1995இல் ஜப்பானிய மின்னணுத் தொழில்துறைச் சங்கம் ஒன்று வகுத்த தரம் அது. கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. எந்த கெமரா, எந்த லென்ஸ், ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது, எப்போது எடுத்தது என்பதெல்லாம் படத்தோடு சேர்ந்தே இருந்தால் எடுத்தவருக்கும் அச்சடிப்பவருக்கும் உதவும். போனைச் சாய்த்துப் பிடித்து எடுத்தாலும் படம் திரையில் நிமிர்ந்து நிற்பது அந்த அட்டவணையில் உள்ள ஒரு குறிப்பால்தான். 2008இல் வந்த ஐபோன் 3ஜி போன்ற போன்களில் ஜிபிஎஸ் புகுந்த பிறகு, இடமும் அந்த அட்டவணையில் சர்வசாதாரணமாக ஏறத் தொடங்கியது. சில கெமராக்கள் தங்கள் தொடர் இலக்கத்தையும் எழுதும். இரண்டு வேறு பெயர்களில் வந்த படங்கள் ஒரே கெமராவில் எடுத்தவைதான் என்று அதைவைத்துச் சொல்லிவிடலாம்.

இன்னொன்று, முன்னோட்டத்துக்கான குட்டிப் படம். எக்ஸிஃபுக்குள்ளேயே முழுப் படத்தின் சிறிய பிரதி ஒன்று இருக்கும். பழைய மென்பொருள்கள் சில, பெரிய படத்தை வெட்டிச் சேமித்தாலும் இந்தக் குட்டியை மாற்றாமல் விட்டுவிடும். வெட்டி எடுத்த ஆள் அங்கே பத்திரமாக நிற்பார்.

இடக்குறிப்பு எவ்வளவு துல்லியம்? அகலாங்கில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஒரு விகலை ஏறத்தாழ 31 மீட்டர். விகலையில் நூறில் ஒரு பங்கு வரை எழுதினால் கணக்கு ஓர் அடிக்கு வந்துவிடுகிறது. ஆனால் போனின் ஜிபிஎஸ் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை. திறந்த வெளியில் சுமார் 5 மீட்டர் பிசகும். மலையிடுக்கில், மரத்தடியில், தகரக் கூரைக்குக் கீழே இன்னும் பிசகும். பழைய லயத்துக் காம்பரா, அதாவது அறை, 10 அடிக்கு 12 அடி என்பதால், 5 மீட்டர் பிசகினால் பக்கத்து வீட்டு ஆளைக் காட்டக்கூடும். லயம் எது என்பதில் சந்தேகம் வராது, அதற்குப் பிறகு ஒரு வாசலில் விசாரித்தால் போதும். நெருக்கமாக வாழ்கிற நமக்கு அந்தப் பிசகு எந்தப் பாதுகாப்பும் தராது.

இதை உலகத்துக்கே சிரிப்பாகக் காட்டியவர் அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓவன் மண்டி. மக்கள் இணையத்தில் பகிரங்கமாகப் போட்ட பூனைப் படங்களில் பத்து இலட்சத்தை எடுத்து, அவற்றிலிருந்த இடக்குறிப்பை வைத்து 2014இல் உலக வரைபடத்தில் ஒட்டிவிட்டார். எந்தப் பூனை எந்த வீட்டில் என்று பார்க்கலாம். பூனை இருக்கும் இடத்தில்தானே வீட்டுக்காரரும் இருப்பார்.

சிரிக்க முடியாத கதை ஜோன் மெக்கஃபியுடையது. வைரஸ் தடுப்பு மென்பொருளுக்குத் தன் பெயரையே வைத்தவர். 2012இல் பெலிஸ் நாட்டில் அயலவர் ஒருவர் கொலையானது பற்றி விசாரிக்கப் பொலிசார் தேட, அவர் தலைமறைவானார். அந்த டிசம்பரில் வைஸ் சஞ்சிகைக்காரர்கள் அவரோடு இருப்பதாகப் பெருமையாக ஒரு படம் போட்டார்கள். ஐபோனில் எடுத்த படம். அதிலிருந்த இடக்குறிப்பு குவாத்தமாலாவைக் காட்டியது. சில நாட்களில் அங்கே கைதானார். கணினிப் பாதுகாப்பை விற்றுப் பணக்காரரான ஒருவரை வெளியே காட்டிக்கொடுத்தது அவருடைய போன்கூட இல்லை, கூட வந்தவர்களின் போன்.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். இணையத்தில் எங்கோ இருக்கும் திருடன் நம் லயத்தைக் கண்டுபிடித்து ஏறி வருவான் என்று நான் நம்பவில்லை. அப்படிப் பயமுறுத்தி எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம்கூட உண்டு. நம்மைத் தேடி வருகிறவர் ஏற்கனவே நம்மைத் தெரிந்தவர். குடித்துவிட்டு அடிக்கும் புருஷனை விட்டுப் பிள்ளைகளோடு வேறு தோட்டத்துக்குப் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் இருக்கும் பெண்ணைத் தேடுவது அந்தப் புருஷன்தான். வேண்டாம் என்று சொன்ன பிறகும் விடாத பையன் ஒருவன் தேடுவான். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரர், கொழும்பில் வேலைக்குப் போன மகள் எந்த வீட்டில் தங்கியிருக்கிறாள் என்று தேடுவார். இவர்களுக்கு அவளுடைய பெயர் தெரியும், முகம் தெரியும், அவள் சித்தியின் வட்ஸ்அப் இலக்கமும் தெரியும். தெரியாதது இடம் ஒன்றுதான்.

அதனால் "நாங்க பெரிய ஆளா" என்ற கேள்வியை நான் இப்படித் திருப்பிக் கேட்பேன்: அக்கா, உங்கள் வீட்டில் யாராவது யாரிடமிருந்தாவது விலகி இருக்கிறார்களா? அன்றைக்கு மண்டபத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தார்கள்.

சரி, படம் எந்த வழியாகப் போனால் இந்த அட்டவணையும் கூடப் போகும்? இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இடிக்கிறது. வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால், அது படத்தைச் சுருக்கிப் புதிதாக எழுதும். அப்போது இடக்குறிப்பு உதிர்ந்துவிடும். சிக்னல் செயலியும் அப்படியே. பேஸ்புக்கில் ஏற்றினால் பார்க்கிறவர்களுக்கு எக்ஸிஃப் கிடைக்காது, ஆனால் கம்பனிக்குக் கிடைக்கும். அது வேறு கவலை, இப்போதைக்கு விடுகிறேன். ஆனால் வட்ஸ்அப்பிலேயே டொகியுமன்டாக அனுப்பினால் கோப்பு ஒரு எழுத்தும் மாறாமல் போகும். ஈமெயில், கூகுள் டிரைவ், புளூடூத், போனுக்குப் போன் கோப்பு மாற்றும் செயலிகள், மெமரி சிப், எல்லாம் அந்த வகைதான். வீடியோவிலும் இடக்குறிப்பு இருக்கும் என்பதைப் பலர் நினைப்பதில்லை.

அப்படியானால் யார் டொகியுமன்டாக அனுப்பச் சொல்கிறார்கள்? போட்டோகொப்பி, அச்சு வேலை செய்யும் கொமியூனிகேஷன் கடைதான். அடையாள அட்டைக்குப் படம், வெளிநாட்டு வேலைக்கு முழு உயரப் படம், பிறந்தநாள் பதாகைக்குப் படம், எதற்குப் போனாலும் "அக்கா, சும்மா அனுப்பினா படம் உடைஞ்சிரும், டொகியுமன்டா போடுங்க" என்பார் தம்பி. அவர் சொல்வது சரி, சுருங்கிய படம் அச்சில் மங்கும். ஆனால் அந்தக் கடைக் கணினியின் டவுன்லோட் கோப்புறையை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். டவுனுக்கு வரும் ஐந்தாறு தோட்டத்துப் பெண்பிள்ளைகளின் படங்கள், வீட்டுக்குள்ளும் வாசலிலும் எடுத்தவை, நேரத்தோடும் இடத்தோடும் வரிசையாகக் கிடக்கும். கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். அந்தக் கணினியில் நாள் முழுக்க எத்தனை பேர் உட்காருகிறார்கள்? தரகர்களுக்கும் வேலை முகவர்களுக்கும் அனுப்பும் படங்களின் கதையும் இதேதான். அவை எத்தனை கை மாறும் என்று அனுப்பியவருக்குத் தெரியாது.

நம் நாட்டில் 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் தனிமனிதர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்குச் செய்வது அதற்குள் வராது. சித்தப்பா போட்ட ஸ்டேட்டஸுக்கு எதிராக அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

போனில் செய்ய வேண்டியது சின்ன வேலை. அன்ட்ரொய்ட் என்றால் கெமராவைத் திறந்து, பல்சக்கர அடையாளத்தைத் தொட்டு, 'லொகேஷன் டேக்ஸ்' அல்லது 'சேவ் லொகேஷன்' என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். கம்பனிக்குக் கம்பனி பெயர் கொஞ்சம் மாறும். ஐபோனில் செட்டிங்ஸ், பிரைவசி, லொகேஷன் சேர்விசஸ், கெமரா, நெவர். ஆனால் இது இனி எடுக்கும் படங்களுக்கு மட்டும்தான். ஏற்கனவே எடுத்தவற்றில் இருப்பது இருக்கும். கூகுள் போட்டோஸில் ஒரு படத்தைத் திறந்து மேலே தள்ளினால் விபரம் வரும், வரைபடம் தெரிந்தால் இடக்குறிப்பு இருக்கிறது என்று அர்த்தம். ஐபோனில் 2019இல் வந்த ஐஓஎஸ் 13 முதல், பகிரும் திரையின் மேலே உள்ள 'ஒப்ஷன்ஸ்' என்பதைத் தொட்டு லொகேஷனை அணைத்து அனுப்பலாம். விண்டோஸ் கணினியில் படத்தின் மேல் வலது சொடுக்கு, புரொப்பர்டீஸ், டீடெயில்ஸ், அடியில் உள்ள 'ரிமூவ் புரொப்பர்டீஸ்' என்ற வரி. பிரதி ஒன்றைத் துடைத்துத் தரும், மூலம் அப்படியே இருக்கும். கொமியூனிகேஷன் தம்பிமார் படித்தால் இதை மட்டுமாவது செய்யுங்கள். வேலை முடிந்ததும் கோப்பை அழியுங்கள்.

ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்புவது ஒரு குறுக்குவழி. அதில் பொதுவாக இடக்குறிப்பு இருக்காது. ஆனால் வெட்டிவிட்டோம் என்று முழுதாக நம்பிவிடவும் வேண்டாம். 2023 மார்ச்சில் ஒரு விஷயம் வெளியே வந்தது: கூகுள் பிக்சல் போன்களில் உள்ள திருத்தும் கருவியில் வெட்டிச் சேமித்த ஸ்கிரீன்ஷொட்டுகளில், வெட்டிய பகுதியின் தரவு கோப்பின் வாலில் அப்படியே கிடந்தது. மீட்டெடுத்துக் காட்டினார்கள். விண்டோஸ் 11இன் ஸ்னிப்பிங் டூலிலும் அதே போன்ற பிழை. இரண்டையும் திருத்திவிட்டார்கள், ஆனால் அதற்கு முன் அனுப்பிய படங்கள் அனுப்பியபடிதான். அடையாள அட்டை இலக்கத்தின் மேல் கறுப்பு மார்க்கரால் கிறுக்குவதும் அப்படி ஒரு அரைகுறை வேலை. சில போன்களின் மார்க்கர் முழுக் கறுப்பு அல்ல, வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ள எழுத்து எழுந்து வரும். மறைப்பதென்றால் நிறம் நிரப்பிய பெட்டி ஒன்றை மேலே வையுங்கள்.

அடையாள அட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. நம் அட்டை இலக்கமே ஒரு சிறு வாழ்க்கைக் குறிப்பு. 2016 முதல் வரும் 12 இலக்க முறையில் முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்று, வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டப்படும். 1998 என்றும் அடுத்து 532 என்றும் தொடங்கினால், அது பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த பெண். பெயரையும் முகத்தையும் மறைத்துவிட்டு இலக்கத்தை விட்டுவைத்தால் பிறந்த நாள் வெளியே. பரீட்சை அனுமதி அட்டையை ஸ்டேட்டஸில் போடும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: சுட்டெண் தெரிந்த யாரும் பெறுபேறு வந்த அன்றைக்கு உங்களுக்கு முன்பே அதைப் பார்த்துவிடலாம். மூன்று பாடம் போனது முதலில் பக்கத்து லயத்துக்குத் தெரிவது யாருக்கும் பிடிக்காது.

எக்ஸிஃபைத் துடைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களிடம் நான் அடுத்துக் கேட்பது, பின்னணியில் என்ன தெரிகிறது என்பதை. மலையகத்தில் பின்னணி ரொம்பப் பேசும். தேயிலைத் தொழிற்சாலையின் சுவரிலோ கூரையிலோ தோட்டத்தின் பெயரை அடுத்த மலையிலிருந்தும் படிக்கும் அளவுக்கு எழுதி வைத்திருப்பார்கள். கொழுந்து மலைகளில் இலக்கம் போட்ட பலகை நிற்கும். பிள்ளையின் கழுத்துப் பட்டியும் சின்னமும் பாடசாலையைச் சொல்லும், பஸ் பலகை வழியைச் சொல்லும். எதுவுமே இல்லாவிட்டாலும் மலை இருக்கிறது. சிவனொளிபாத மலையின் கூர்முனை எந்தப் பக்கம், எந்தச் சாய்வில் தெரிகிறது என்பதை வைத்து மஸ்கெலியாவா பொகவந்தலாவையா என்று இங்கே பிறந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். வெளியில் இருப்பவர் கூகுள் ஏர்த்தில் மலைவரிசையைப் பொருத்திப் பார்த்துக் கண்டுபிடிப்பார், கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு எரிச்சலூட்டுவது சடங்குப் பதாகை. பெரியபிள்ளையான பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் ஆளுயரப் படம், முழுப்பெயர், தோட்டம், டிவிஷன், சடங்கு நடக்கும் திகதி, மாமாவின் தொலைபேசி இலக்கம். அதன் முன்னால் நின்று குடும்பமே படம் எடுத்து எல்லாக் குழுக்களிலும் போடும். இதில் ஒளிந்திருக்கும் தரவு என்று ஒன்றுமே இல்லை, எல்லாம் வெளிச்சத்தில் நிற்கிறது. சடங்கைக் கொண்டாட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, வாசலில் பதாகை கட்டுங்கள். இணையத்தில் போடும்போது பிள்ளையைத் தனியாக எடுத்த படத்தைப் போட்டால் என்ன குறைந்துவிடும்? அதற்கும் முன்னால் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

கேட்காமல் எடுப்பதில் நாம் மட்டும் குற்றவாளிகள் இல்லை. எல்லவில் ஒன்பது வளைவுப் பாலம், அப்புத்தளையில் லிப்டன் சீட் என்று வருகிற சுற்றுலாக்காரர்கள் வழியில் கொழுந்தெடுக்கும் பெண்களைப் படமெடுக்காமல் போவதில்லை. சிலர் கேட்பார்கள், காசும் கொடுப்பார்கள். வீட்டுக்குப் போய்ப் படத் தளங்களில் மூலக் கோப்பாகவே ஏற்றுவார்கள். பெண் எந்த மலையில், எந்த நாளில், எத்தனை மணிக்குக் கூடையோடு நின்றாள் என்பது அந்த வெளிநாட்டவரின் கணக்கில் கிடக்கும். அவளிடம் ஸ்மார்ட் போனே இல்லாமல் இருக்கலாம். போன் வைத்திருப்பவர் மட்டும் அமைப்பை மாற்றினால் தீராத பகுதி இதுதான், இதற்கு எனக்குத் தெரிந்த வழி படம் எடுக்கிறவரிடம் நேரே சொல்வது. சுற்றுலா வழிகாட்டிகளாக இருக்கும் நம் பையன்கள் இதைச் செய்யலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, இடக்குறிப்பை வேண்டுமென்றே திறந்து வைக்க வேண்டிய நேரம் ஒன்றும் நமக்கு இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. அந்த நாளுக்குப் பிறகு, அடைமழைக் காலத்தில் சுவரிலோ லயத்துக்கு மேலே உள்ள மண்ணிலோ வெடிப்பைப் பார்த்தால் நம் ஆட்கள் உடனே போனைத்தான் எடுக்கிறார்கள். நல்லது. ஆனால் அந்தப் படம் குழுக்களில் சுற்றிச் சுற்றி, எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று ஒருவருக்கும் தெரியாமல் போய்விடுகிறது. பழைய படத்தைப் பார்த்துப் பயந்து ஓடியவர்களும் உண்டு, புதிய படத்தைப் பழையது என்று விட்டவர்களும் உண்டு.

வெடிப்பைப் படமெடுக்கும்போது மட்டும் லொகேஷனைத் திறந்துவிடுங்கள். முதலில் வரைபடச் செயலியைத் திறந்து நீலப் புள்ளி அசையாமல் நிற்கும்வரை பொறுங்கள், மழை மூட்டத்திலும் மலையிடுக்கிலும் கொஞ்சம் நேரம் எடுக்கும். வெடிப்பின் பக்கத்தில் ஒரு குடையோ கம்போ வைத்து எடுத்தால் அகலம் தெரியும். கிராம சேவகருக்கோ, மண்சரிவைக் கவனிக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கோ அனுப்பும்போது டொகியுமன்டாகவே போடுங்கள், நேரமும் இடமும் உதிராமல் போகும். ஜிபிஎஸ் பிசகலாம் என்பதால் தோட்டம், டிவிஷன், எத்தனையாவது லயம் என்று கீழே கையாலும் எழுதுங்கள். அனுப்பியதும் மேலே போன வழியிலேயே போய் லொகேஷனை அணைத்துவிடலாம்.